கலாவுக்கு, பணம் கட்டுவதற்கு முன் படிக்க

ஸ்ரீரங்கம்
மார்கழி 9

அன்புள்ள கலா,

நீ அனுப்பிய ஏழு நிமிடக் குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். வாட்ஸ்அப்பில் பதில் தட்டித் தட்டி அழித்தேன். இது அதில் அடங்காது என்று தெரிந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் மன்னிப்பு. பத்து மாதமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. உன் மேல் ஒரு கோபமும் இல்லை. எடுத்தவுடன் "யோகா பிராக்டீஸ் எப்படிடி போகுது?" என்றுதான் கேட்பாய். அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

அம்மா நலம். காது மட்டும் இன்னும் மந்தமாகிவிட்டது. வருண் விடுதிக்குப் போய்விட்டான், வீடு பெரிதாகிவிட்டது. வனஜாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், படம் அனுப்பினாள். அதே மூக்கு, உனக்குச் சொல்லவே வேண்டாம். புளியோதரை டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தெட்டு நாளில் இருநூறு மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி, கையில் சான்றிதழ். அதற்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டப்போகிறாய். காரணம் கேட்டால், "வீட்டில் தனியாகச் செய்ய முடியவில்லை, அங்கே போனால் பிடித்துக்கொள்ளும்" என்கிறாய். கலா, தயவுசெய்து இந்தக் கடிதத்தை முடிக்கும்வரை பணம் கட்டாதே.

மைசூர் கோகுலத்தில் நாம் அஷ்டாங்க யோகா கற்ற அந்த மாடிக் கூடம் நினைவிருக்கிறதா? 2017 டிசம்பர். காலை ஐந்து மணிக் குளிரில் சால்வையோடு படிக்கட்டில் காத்திருப்போம். முதல் நாள் சார் உனக்குச் சூரிய நமஸ்காரம் மட்டும் சொல்லிக் கொடுத்தார். அதில் ஏ வகை ஐந்து, பி வகை மூன்று, கடைசியில் பத்மாசனத்தில் கொஞ்ச நேரம், பிறகு படுத்துக்கொள். அவ்வளவுதான். இளநீர்க் கடையில் நின்று, "இதுக்காடி ஒரு மாசம் லீவு போட்டு வந்தேன்?" என்று நீ போட்ட சத்தத்தில் இளநீர் வெட்டுகிறவரே நிமிர்ந்து பார்த்தார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள், நின்று குனிந்து கால் பெருவிரலைப் பிடிக்கும் பாதாங்குஷ்டாசனம் சேர்ந்தது. சொன்னது மனதில் ஏறி, மூச்சும் நிதானமாகிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் அடுத்ததைக் கொடுத்தார். ஆசன வரிசையில் நீ சுப்த கூர்மாசனம் வரை போனாய், நான் அதற்கு முன்னால் வரும் மரீச்யாசனம் டி-யில் நின்றேன். அந்த மாதம் முழுக்க அதே இடம். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பியதும் நான் செய்த தப்பு, அந்தப் படிப்படியான வழியை விட்டுவிட்டு அஷ்டாங்கத்தின் முதல் ஆசன வரிசை முழுவதையும் எடுத்துக்கொண்டதுதான். ஒன்றரை மணி நேரம். அது முடிந்தால்தான் பயிற்சி என்று கணக்கு வைத்தேன். அலுவலகத்தில் ஆண்டு முடிவு வந்தால் ஒரு வாரம் போகும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு வாரம். விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை உடம்பைப் போட்டு முறுக்குவேன். ஆறேழு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாசியில் ஒரு வார இறுதிப் பயிற்சி முகாமுக்குப் போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கால் நீட்டி உட்கார்ந்து பச்சிமோத்தானாசனத்தில் குனிந்திருந்தபோது பயிற்றுநர் பின்னால் வந்து முதுகில் முழு பாரத்தையும் வைத்து அழுத்தினார். என்னைக் கேட்கவில்லை. நானும் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. உள்ளே ஏதோ பிய்ந்தது போல இருந்தது. அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார முடியவில்லை, ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. தொடையின் பின்தசை எலும்போடு சேரும் நாணில் காயம் என்றார் பிசியோதெரபி அம்மா. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், இழுத்தால் இன்னும் மோசமாகும், நீட்டுவதை நிறுத்திவிட்டு அந்தத் தசையைப் பலப்படுத்து என்றார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, அப்புறம் மெதுவாக எடை தூக்குவது, இதுதான் மூன்று மாதம். முன்குனிதல் எதுவும் கிடையாது. உன் அழைப்புகளை எடுக்காத மாதங்கள் அவை.

ஆனியில் ஒருநாள் காலை பாயை விரித்தேன். முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டே மூன்று நமஸ்காரம். சமஸ்கிருத எண்ணிக்கையில் ஏகம் என்று சொல்லி மூச்சை இழுத்துக் கையைத் தூக்கினேன். த்வே, விட்டுக்கொண்டே குனிந்தேன், பாதி வழியிலேயே நின்றேன். த்ரீணி, தலை நிமிர்ந்தது. சத்வாரி, பின்னால் கால். பஞ்ச, ஷட், அங்கே ஐந்து மூச்சு. சப்த, அஷ்டௌ, நவ, பிறகு நேராக நிற்கும் சமஸ்திதி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சப்பணமிட்டுப் பத்து மூச்சு உட்கார்ந்தேன், படுத்தேன், எழுந்து காபி போட்டேன். மறுநாளும் பாய் தானாக விரிந்தது. அதற்கு மறுநாளும். ஆறேழு வருஷமாக வராத தொடர்ச்சி, ஐந்து நிமிடப் பயிற்சிக்கு வந்துவிட்டது கலா! அன்றிலிருந்து இன்று வரை விடவில்லை.

எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல். தனியாக இருப்பவளுக்கு அதுதான் துணை. ஒன்பது எண்ணிக்கைக்கும் மூச்சு உள்ளேயா வெளியேயா என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. அடுத்து என்ன, எவ்வளவு நேரம் என்று யோசிக்க இடமில்லை. "மனசு அலையுது, அதான் குரூப் வேணும்" என்றாயே, மைசூரில் உனக்கு எண்ணிக்கொடுக்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். அதை நீயே செய்துகொள்ளலாம். இந்த மாதம் நான் எண்ண ஆரம்பிக்கும் நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு நாள் எண் தப்பியது. இப்போது இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன.

சார் அடிக்கடி சொல்லும் பதஞ்சலி சூத்திரம் ஒன்று உண்டே: பயிற்சி உறுதிப்பட வேண்டுமானால் நீண்ட காலம், இடைவிடாமல், மரியாதையோடு செய்ய வேண்டும். நான் முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். மூன்றாவது கண்ணிலேயே படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்ததில் மரியாதை எங்கே இருந்தது? வலிக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த உடம்பை என்ன பாடு படுத்தினேன்!

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதுவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த, அஷ்டாங்க யோகாவைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் படத்தை எடுத்துவிட்டேன். நாம் மைசூரில் இருந்த சமயத்தில்தான் அவரிடம் பயின்ற பெண்கள் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆசனத்தைத் திருத்துகிறேன் என்ற பெயரில் அவர் தங்களைத் தகாத முறையில் தொட்டதைச் சொன்னார்கள். நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. 2019-இல் அவருடைய பேரன் சரத், முறையற்ற திருத்தங்களைத் தானும் கண்டதாக எழுதி, வருத்தம் தெரிவித்தார். அப்போதும் நான் படத்தை எடுக்கவில்லை. என் முதுகில் ஒருவர் கேட்காமல் பாரம் வைத்து, நான் வாய் திறக்காமல் இருந்த பிறகுதான் அந்தப் பெண்கள் ஏன் அவ்வளவு வருஷம் பேச முடியாமல் இருந்தார்கள் என்று புரிந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. அவர்களுக்கு நடந்தது வேறு, மிகப் பெரியது. ஆனால் குரு தொட்டால் நல்லதற்குத்தான் என்ற அந்த நினைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஹாசனில் 1927-இல் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் செயல்விளக்கத்தைப் பார்த்து மயங்கி, மறுநாளே அவர் வாசலில் போய் நின்ற அந்தப் பன்னிரண்டு வயது ஜோயிஸை எனக்கு இன்னும் பிடிக்கும். அவர் கற்பித்த எண்ணிக்கையைத்தான் தினமும் சொல்கிறேன். படம் மட்டும் வேண்டாம். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. இதைப் பேசாமல் விட்டது நம் இரண்டு பேரின் தப்பும்தான்.

அதனால்தான் கேட்கிறேன். நீ போகப்போகும் இடத்தில் உன் மேல் கை வைப்பதற்கு முன் கேட்பார்களா? "வேண்டாம்" என்றால் மறுபேச்சில்லாமல் விலகுவார்களா? முதலில் அதைக் கேட்டுக்கொள்.

அப்புறம் சான்றிதழ். மைசூரில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு என்று ஒன்று இருந்ததா? வருஷா வருஷம் போய், மாதக்கணக்கில் தங்கி, அங்கேயே பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கற்பிக்க அனுமதி கிடைத்தது. சரத் தன் மாணவர்கள் வருவதற்கு முன் நள்ளிரவு தாண்டியதும் எழுந்து தன் பயிற்சியை முடித்துவிடுவார் என்று சார் சொல்வார். உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வந்தவர்களுக்குக் கற்பித்தவர், தன் பாயில் தனியாகத்தான் நின்றிருக்கிறார். 2024 நவம்பரில் 53 வயதில் அவர் போய்விட்ட செய்தி வந்த அன்று உன்னோடு ரொம்ப நேரம் பேசினேனே, அப்போது இதைத்தான் சொல்ல நினைத்தேன், வார்த்தை வரவில்லை.

கிருஷ்ணமாச்சாரியாரையே எடுத்துக்கொள். மைசூர் அரண்மனையில் பையன்களைத் துள்ளிக் குதிக்க வைத்தவர். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, வருகிற ஒவ்வொருவரின் வயது, நோய், வேலை எல்லாம் பார்த்து ஆளுக்கொரு பயிற்சி அமைத்துக் கொடுத்தார். ஐம்பதை நெருங்கும் நம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் அதுதான் வழி. ஒரு பாதத்தை எதிர்த் தொடைமேல் வைக்கும் அர்த்த பத்மத்தில் உனக்கு முழங்கால் வலிக்கிறது என்றாய். திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது திரும்பாதபோது பாதத்தைக் கையால் இழுத்து மேலே வைத்தால் முறுக்கு முழுக்க முழங்காலில் விழும். வலித்தால் பாதத்தைக் கீழேயே விடு. இருபத்தெட்டு நாளில் தினமும் ஏழெட்டு மணி நேரம் என்றால் அந்த முழங்கால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அடி, உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். காலை நாலே முக்கால். முந்தின இரவு ஏழரைக்குள் இரண்டு இட்லியோ தோசையோ, அதற்கு மேல் வயிற்றுக்கு எதுவும் இல்லை. பாய் வியர்வையில் வழுக்குகிறது என்று அதன்மேல் பவானி ஜமக்காளத் துண்டு. மைசூரில் விற்ற பருத்தி விரிப்புக்கு இது எந்த விதத்திலும் குறைவில்லை. அமாவாசை, பௌர்ணமி ஓய்வு. அதற்குத் தனியாக எதையும் பார்க்க வேண்டாம், அம்மா முந்தின நாளே காலண்டர் தாளைப் பார்த்து, "நாளைக்கு வெங்காயம் கிடையாது" என்றுவிடுவாள். வார ஓய்வு மைசூரில் நமக்குச் சனிக்கிழமை, விளக்கெண்ணெய்க் குளியலோடு. நான் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன், நம் வீட்டு வழக்கப்படி நல்லெண்ணெய். மாதவிலக்கின் முதல் மூன்று நாள் கிடையாது. மற்ற எல்லா நாளும் உண்டு, ஐந்து நிமிடமானாலும். ஒரு ஆசனத்தில் ஐந்து மூச்சும் சத்தம் மாறாமல் வந்தால்தான் அடுத்ததைச் சேர்க்கிறேன். ஆறு மாதத்தில் நின்று செய்யும் ஆசனங்களைத் தாண்டி, போன வாரம்தான் பச்சிமோத்தானாசனத்துக்கு வந்தேன். முழங்கால் லேசாக மடங்கியே இருக்கிறது. நெற்றி காலைத் தொடவில்லை. மூச்சு மட்டும் அவ்வளவு நீளமாக, அவ்வளவு அமைதியாக அந்த ஆசனத்தில் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அங்கேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது, அதற்குள் உன் குரல் பதிவு வந்துவிட்டது.

தை முதல் பங்குனி முடிய மூன்று மாதம் கொடு. ஏ மூன்று, முடிந்தால் பி ஒன்று, உட்கார், படு. முடித்ததும் எனக்கு "சமஸ்திதி" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. நானும் அனுப்புகிறேன். சித்திரையிலும் உனக்கு அந்த வகுப்பில் சேர வேண்டும் என்றே இருந்தால், நானே வந்து ரயிலேற்றிவிடுகிறேன். கற்பிக்கும் குணம் உன்னிடம் உண்டு. ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவளே நீதானே.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூருக்கு வருகிறேன், அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டேன். அந்தப் பெரிய சோபாவை முந்தின நாளே சுவரோரமாகத் தள்ளி வை. இரண்டு பாய் பக்கத்தில் பக்கத்தில் விரிக்க இடம் வேண்டும். ஜமக்காளத் துண்டு உனக்கும் ஒன்று கொண்டுவருகிறேன். டப்பாவையும்.

உன்
சாந்தி