கரகம் எடுக்கும் பெண்களை ஆட விடுங்கள்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத் திருவிழாக் கமிட்டியாருக்கு வணக்கம்.

கரகாட்டச் செட்டுக்கு, அதாவது ஆட்டக் குழுவுக்குப் பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

ஆட்டக் கரகச் செம்புக்குள் மூன்று நான்கு கிலோ அரிசியோ மணலோ இருக்கும். அடி கனத்தால்தான் செம்பு உச்சந்தலையில் நிற்கிறது; கை தொடுவதில்லை. இடுப்பும் காலும் எவ்வளவு வேகமாகப் போனாலும் கழுத்து அசையக் கூடாது. அப்படியே பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்கிறார் கரகம் ஆடும் பெண். அந்த நேரம் பார்த்து ஒருவன் ஓடிவந்து ரவிக்கையில் ரூபாய் நோட்டைக் குத்தினால் உடம்பு தானாக ஒதுங்கும், செம்பு சாயும், அதைத் தாங்கப்போய்க் கழுத்து பிடித்துக்கொள்ளும். இந்தப் பயத்தில்தான் வித்தைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பிறகு ‘இப்போதெல்லாம் வெறும் ஆபாசம்’ என்று பேசுகிறோம்.

பூசாரி தலையில் சாமிக்கு எடுக்கும் சக்தி கரகம் வந்தால் செருப்பைக் கழற்றிக் கும்பிடும் ஊர், பெண் தலையில் கரகம் ஏறினால் விசிலடிக்கிறது. இரட்டை அர்த்த வசனத்தை ஆரம்பிப்பது கோமாளி, இன்னும் பேசச் சொல்வது கூட்டம், கெட்ட பெயர் மட்டும் ஆடுகிறவளுக்கு. இது அநியாயம். கரகாட்டத்தோடு சேர்த்து ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டத்தை அரசு 2023-ல் தடைசெய்துவிட்டது. வேறு பெயரில் அதைக் கேட்காதீர்கள்.

ஆடுகளம் 20 அடிக்கு 20 அடியாவது வேண்டும். வெறுங்காலில் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். கல், கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிவிட்டுத் தண்ணீர் லேசாகத் தெளியுங்கள். அதிகமானால் வழுக்கும். ஆடுகளத்தின் விளிம்பிலிருந்து ஆறடி தள்ளிச் சுற்றிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். போகஸ் லைட்டை முகத்துக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில், உயரத்தில் கட்டுங்கள்; கண் கூசினால் நிதானம் போய்விடும். அன்பளிப்பைத் தட்டில் போடச் சொல்லி ஆட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் அறிவியுங்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் இல்லையென்றால் செட்டுப் பேசவே வேண்டாம்.

செட்டுத் தலைவரிடம் தொகை பேசும்போது, ஆடும் பெண்களின் பங்கு எவ்வளவு என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். ‘சின்ன வயசுப் பிள்ளையா வேணும்’ என்று கேட்பதை நிறுத்துங்கள். இந்த நிதானம் பல வருடப் பழக்கத்தில் வருவது. கரகத்தோடு ஏணி ஏறுவது யார், தாம்பாள விளிம்பில் நின்று ஆடுவது யார், ஊசி எடுப்பது யார் என்று கேட்டுப் பாக்கு வையுங்கள்.