மூன்றாம் நாள் வந்து பார்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். மேடை, பதாகை, உறுதிமொழி எல்லாம் ஏழாம் தேதியோடு முடிந்துவிடும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது அதற்கப்புறம் வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு முடிவாகிற விஷயம். அந்த நேரத்துக்குக் கைகொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பாட்டிமார்களுக்கு. பேரக்குழந்தை பிறந்ததும் நாக்கில் முதன்முதலாக எதையாவது தொட்டு வைக்கிற சேனை காலங்காலமாக உங்கள் உரிமை. சீனித்தண்ணி, தேன், கழுதைப்பால் என்று ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் உள்ளே போகவேண்டும் என்றதும் சங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள். முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் கூடப்போனால் ஒன்றரை, அவ்வளவுதான் கொள்ளும். சொட்டுச் சொட்டாக வருகிற மஞ்சள் பாலே அதற்குப் போதும். அந்த இடத்தைச் சீனித்தண்ணி பிடித்துக்கொண்டால் குழந்தை தூங்கிவிடும், சப்பாது. சப்பாவிட்டால் பால் இறங்கவும் தாமதமாகும். சேனையை விட்டவர்கள் பூண்டுக்குழம்பையும் பால்சுறாப் புட்டையும் விடவில்லை. தாய் வயிறாரச் சாப்பிடுவதில் எங்களுக்கு என்ன ஆட்சேபம்?

கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும் பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீடு தேடிப் போகிறார்கள். இதில் மூன்றாம் நாளுக்கு நிகரில்லை. பல தாய்மாருக்கு அதை ஒட்டித்தான் மார்பு கல்லாகக் கட்டும். காம்பு தட்டையாகும். வாய் வைத்த குழந்தை நழுவி நழுவி அழும், தாயும் அழுவாள். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து "பால் பத்தலை போல" என்பார்கள், சாயங்காலம் பால்பவுடர் டப்பா வந்துவிடும். பால் பெருகியதால் வந்த கஷ்டத்துக்குப் பால் இல்லை என்று வைத்தியம்!

செவிலியர்களே, ஆஷா பணியாளர்களே, நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தீர்கள். வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் இளகுகிற அளவுக்கு மட்டும் பாலைப் பீய்ச்சிவிட்டு, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கும்படி திருப்பினீர்கள். வாய் அகலத் திறந்திருக்கிறதா, முகவாய் மார்பைத் தொடுகிறதா, கீழுதடு வெளியே மடங்கியிருக்கிறதா, கருவளையம் கீழே மறைந்து மேலே சற்றுத் தெரிகிறதா என்று கவனித்தீர்கள். காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பு வரும், பாலும் வராது. அப்போது குழந்தையை வெடுக்கென்று இழுக்காமல், கடைவாயில் சுண்டுவிரல் விட்டு எடுத்து மறுபடி பிடிக்க வைக்கவேண்டும். வெடிப்பில் கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காயவிட்டால் போதும், சோப்பு வேண்டாம். காம்பு உள்வாங்கியிருந்த தாய்மாருக்கு 20 மில்லி சிரிஞ்சின் முனையை அறுத்து, அறுத்த பக்கமாக உள்தண்டைச் செருகி, வழவழப்பான மறுபக்கத்தை மார்பில் பொருத்தி, பாலூட்டுமுன் அரை நிமிடம் மெதுவாக இழுத்துப் பிடிக்கக் கற்றுத் தந்தீர்கள். ஒரு தாய்க்கு ஒரு சிரிஞ்சு, இரவல் கூடாது என்பதையும் விடாமல் சொன்னீர்கள்.

"பால் பத்தலை" என்ற சொல்லுக்கு அங்கன்வாடித் தராசு நல்ல பதில். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பிறகு முதல் சில மாதங்களில் மாதம் அரைக் கிலோவாவது ஏறவேண்டும். முதல் வாரம் கழிந்தபின் 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நனையவேண்டும். அழுகை இந்தக் கணக்கில் சேராது. வயிறு நிறையக் குடிக்கிற குழந்தையும் சாயங்காலம் அழும். துணியை எண்ணி, காலண்டரில் கோடு போட்டு வைத்த அப்பாக்களுக்குத் தனி நன்றி. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். அக்னி நட்சத்திரத்திலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம், கிரைப் வாட்டரும் உரைமருந்தும் வேண்டாம். மருத்துவர் தரும் சொட்டு மருந்துக்குத் தடையில்லை.

வேலைக்குத் திரும்பிய தாய்மாருக்கு ஒரு மறைவிடமும் இடைவேளையும் தந்த மேற்பார்வையாளர்களே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே உண்டு. சட்டம் எழுதிவைத்ததைக் கேட்காமலே கொடுப்பவர்கள் குறைவு என்பதால்தான் இந்த நன்றி. அந்த இடைவேளையில் பாலைக் கையால் பீய்ச்சி எடுக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவளையத்தின் இரு விளிம்பில் இருக்கவேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விடவேண்டும். தோலில் விரல் வழுக்கினால் வலிதான் மிச்சம். பக்கம் மாற்றி மாற்றிச் செய்தால் 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். எடுத்த பால் நிழலான இடத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும். சுடவைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்து குளிர்ச்சியைப் போக்கினால் போதும்.

அதைப் புட்டியில் ஊற்றாமல், மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையில் புகட்டிய பெரியம்மா, சித்திமார்களுக்கும் நன்றி. குழந்தையை மடியில் சாய்த்து உட்காரவைத்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்தால் அதுவே நக்கி உறிஞ்சும். கவிழ்த்து ஊற்றினால் புரையேறும்.

2015இல் பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகளின் சாவியைத் தொலைக்காமல், அறையைச் சாமான் கிடங்காக்காமல் வைத்திருக்கும் நேரக்காப்பாளர்களுக்கும், பால்பவுடர் விளம்பரத்தைக் கடையில் ஒட்டவிடாத மருந்துக்கடைக்காரர்களுக்கும் நன்றி. 1992 சட்டம் அந்த விளம்பரத்தைத் தடுக்கிறது. ஆனால் சுவரில் ஒட்டுகிற கையைத் தடுப்பது நீங்கள்தான்.

இந்த மாதம் ஆறு மாதம் நிறைகிற குழந்தைகளுக்குக் குழைய மசித்த பருப்புச் சாதம் ஆரம்பிக்கலாம், தாய்ப்பாலும் இரண்டு வயதுவரை தொடரட்டும். எங்களிடம் வாங்கிய பாலாடைகளைத் திருப்பித் தரவேண்டாம். தேய்த்துக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உங்கள் தெருவில் அடுத்துப் பிரசவமாகிற வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தாய்ப்பால் ஆதரவுக் குழுவினர்