வாலாஜா பைபாஸில் பிரேக் பார்த்துக் கொடுத்த அண்ணனுக்கு

விடியற்காலையில், கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே, எனக்காக ஷட்டரைத் தூக்கிய அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்குத் தம்பி, நேரமாகுது, கிளம்பு" என்று அனுப்பிவிட்டார்.

வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு, டைம் அட்டாக் ஓட்டக் காரில் போய்க்கொண்டிருந்தேன். கடிகாரத்தோடுதான் அங்கே போட்டி, சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்றில் உங்கள் சிறந்த நேரமே கணக்கு. எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்கிறோமோ அவ்வளவு லாபம். அந்த பிரேக்தான் வழியிலேயே பஞ்சு மாதிரி அமுங்கியது.

முன் சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில், காற்றை வெளியேற்றும் சின்னத் திருகான நிப்பிளில் கசிவு. புதிது போட்டு, அதில் உள்ளே தெரியும் ஒரு டியூபைச் செருகி, "மிதி... பிடி... ம், விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டியூபில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. கடைசிக் குமிழ் போகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம், ஈரம் ஏறிய பழைய ஆயில் டிராக் சூட்டில் கொதித்துவிடும் என்று நான்கு சக்கரத்துக்கும் புது டாட் 4 பிரேக் ஆயில் மாற்றினார். இதை நான் கேட்கவே இல்லை! வாங்கியது சாமான் காசு மட்டும்.

அன்று என் பழைய நேரத்தை முந்திவிட்டேன், அண்ணா. ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள்.