சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பிக்கப்: நான்கு மாதமாகத் தீராத பழுது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

நாள்: 7.7.2025

பொருள்: எஞ்சின் சூடான பின் ஸ்டார்ட் ஆகாத குறையைச் சோதிக்காமலேயே உதிரிபாகங்களை மாற்றிப் பணம் வாங்கியது, வாரன்டி மறுப்பு.

ஐயா,

வணக்கம். 2022 ஜூனில் உங்கள் நிறுவனத்தின் டீசல் பிக்கப் ஒன்றைக் கடன் போட்டு வாங்கினேன். நானேதான் ஓட்டுகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு பழநி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய் இறக்கிவிட்டுத் திரும்புவது என் பிழைப்பு. இரண்டே முக்கால் ஆண்டு இந்த வண்டி ஒருநாளும் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை.

மார்ச் மாதத்தில்தான் தொல்லை தொடங்கியது. விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிற வண்டி, ஓடிச் சூடேறிய பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. நிறுத்திய இரண்டு நிமிடத்துக்குள் திருப்பினால் சில வேளை பிடித்துக்கொள்ளும். ஒரு டீ குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்தால் அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சைலன்சரில் வெள்ளைப் புகைகூட வராது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் தானாகச் சரியாகிவிடும். இறக்கத்தில் தள்ளிவிட்டு இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் உடனே பிடித்துக்கொள்ளும்.

இந்த விவரங்கள் அனைத்தையும் முதல் நாளே உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சொன்னேன். ஜாப் கார்டில் 'ஸ்டார்ட்டிங் பிரச்சினை' என்று இரண்டே சொல்லில் எழுதிக்கொண்டார்கள். சூடான பிறகுதான் வருகிறது என்பதை எழுதவில்லை. எழுதச் சொல்லி வற்புறுத்தாதது என் தவறு. அந்த ஒரு வரி விடுபட்டதால்தான் இன்றுவரை அலைந்துகொண்டிருக்கிறேன்.

அது மார்ச் 18. மீட்டர் 97,310 கிலோமீட்டர் காட்டியது. 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி. இரண்டு கணக்கிலும் எனக்கு வாரன்டி இருந்தது. மாலை 6 மணிக்கு வண்டியைச் சுடச்சுட விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை 10 மணிக்குத்தான் மெக்கானிக் தொட்டார். இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும்? "நன்றாகத்தானே ஸ்டார்ட் ஆகிறது" என்றார்கள். "அரை மணி நேரம் ஓட்டி, கால் மணி நேரம் நிறுத்திப் பாருங்கள்" என்று மன்றாடினேன். அதற்கு நேரமில்லை என்று சொல்லி பேட்டரியையும் டீசல் ஃபில்டரையும் மாற்றி ரூ.8,950 வாங்கினார்கள்.

அடுத்த வாரமே அதே கதை. ஏப்ரல் 16ஆம் தேதி கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியில் கையெழுத்துப் போட இறங்கி ஏறுவதற்குள் வண்டி படுத்துவிட்டது. 14 கிலோ பெட்டி 90 பெட்டி, எல்லாம் பழுத்த தக்காளி. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தபடி நின்றன. நான்கு பேர் சேர்ந்து தள்ளி ஓரங்கட்டினோம். ஒரு லாரி டிரைவர் சொன்னபடி ஈரச் சாக்கை எஞ்சின் மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்வரிசைப் பெட்டிகளிலிருந்து சாறு கசிந்து டெயில் கேட் இடுக்கு வழியாகச் சொட்டத் தொடங்கியது. ஒரு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிப் போய்ச் சேர்ந்தபோது மண்டியில் ஏலம் முடிந்திருந்தது. அன்று வாடகை வாங்க எனக்கு வாய் வரவில்லை. வியாபாரி அதன் பிறகு என்னைக் கூப்பிடவும் இல்லை.

இரண்டாம் முறை ஏப்ரல் 22இல் போனேன். மீட்டர் 1,00,640. எஞ்சின் சுற்றும் வேகத்தை அளக்கும் கிராங்க் சென்சாரையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றி ரூ.18,600 பில் போட்டார்கள். 640 கிலோமீட்டர் கடந்துவிட்டதாம், வாரன்டி கிடையாதாம். ஒரு மாதத்துக்கு முன்பே பதிவான அதே குறைக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று பழைய ஜாப் கார்டைக் காட்டியும் பயனில்லை. ஒரு வாரத்தில் உடுமலை டீக்கடை வாசலில் வண்டி மறுபடி நின்றது.

கடைசியாக ஜூன் 9ஆம் தேதி பொள்ளாச்சியில் ஒரு டீசல் மெக்கானிக்கிடம் போனேன். சிறிய பட்டறை. அவர் முதலில் கேட்ட கேள்வி, "சூட்டிலா, குளிரிலா?" வண்டியை ஆறவிடாமல் அப்போதே ஸ்கேனரைச் சொருகி, கால் மணி நேரம் நிறுத்திவைத்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். திரையில் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 230 சுற்று காட்டியது. "வேகம் திரையில் தெரிகிறது என்றால் கிராங்க் சென்சார் வேலை செய்கிறது. 230 சுற்று என்றால் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் குறையில்லை" என்றார். உங்கள் சென்டரில் ரூ.27,550 வாங்கிக்கொண்டு மாற்றியவற்றில் டீசல் ஃபில்டர் தவிர அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் வழக்கிலிருந்து விலகிவிட்டன. அதே திரையில் ரெயில் அழுத்தம், அதாவது பம்ப் அனுப்பும் டீசல் சேர்ந்து நிற்கும் குழாயின் அழுத்தம், 110 பாருக்கு மேல் ஏறவே இல்லை. காமன் ரெயில் எஞ்சினில் இந்த அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவை எட்டினால்தான் வண்டியின் கம்ப்யூட்டர், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்கவிடும். பொதுவாக அது 150 முதல் 250 பார் வரை இருக்கும். டீசலே உள்ளே போகாததால்தான் புகையும் வரவில்லை.

பிறகு வண்டியை ஆறவைத்து ஸ்டார்ட் செய்து, மறுபடி சூடேற்றி, நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாயையும் (உள்ளே கசியும் டீசலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டார். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மூன்று நிமிடம் ஐடிலில் ஓடியது. முதல், இரண்டாம், நான்காம் பாட்டில்களில் அடியில் ஒரு விரற்கடை டீசல். மூன்றாவது பாட்டில் கழுத்துவரை நிறைந்து நுரைத்து நின்றது. மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் ரெயில் வாயை மூடி போட்டு அடைத்துவிட்டு, நிறுத்திக் கால் மணி கழித்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். சூட்டிலேயே மூன்று சிலிண்டரில் தடதடவென்று பிடித்துக்கொண்டது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

காரணத்தை அவர் விளக்கியபோது நான்கு மாதமும் எனக்குப் புரிந்தது. குளிரில் டீசல் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த இன்ஜெக்டருக்குள் கசிவு குறைவு, பம்ப் சமாளித்துவிடுகிறது. சூட்டில் டீசல் நீர்த்துவிடும். வண்டியை நிறுத்தியதும் விசிறியும் தண்ணீர் ஓட்டமும் நின்றுபோவதால் முதல் கால் மணி நேரத்தில் இன்ஜெக்டரும் ரெயிலும் இன்னும் சூடாகின்றன. ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில் பம்ப் தரும் கொஞ்ச டீசலும் அந்தக் கசிவு வழியே டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. தள்ளும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் பம்ப் கசிவை முந்திவிடுகிறது. டீக்கடையும், இறக்கத்தில் தள்ளியதும், விடியற்காலை ஸ்டார்ட்டும் நான் முதல் நாள் சொன்னவைதான். நோய் என்ன என்பதற்கு அவையே சாட்சி. உங்கள் சென்டரில் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை.

அளவுகளோடும் படங்களோடும் மறுபடி சென்டருக்குப் போனேன். வெளியில் பார்த்த சோதனையை ஏற்க முடியாது, நான்கு இன்ஜெக்டரும் பம்பும் சேர்த்து மாற்ற வேண்டும், ரூ.1,38,000 ஆகும் என்று மதிப்பீடு கொடுத்தார்கள். இப்போதும் அவர்கள் எதையும் அளக்கவில்லை. கலப்பட டீசலாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். மூன்று ஆண்டாக ஒரே பங்க்கில்தான் டீசல் போடுகிறேன். ஃபில்டர் மாற்றிய ஒவ்வொரு பில்லும் உங்கள் சென்டர் கொடுத்ததுதான். டீசல் கெட்டது என்றால் மூன்று இன்ஜெக்டர் நன்றாக இருந்து ஒன்று மட்டும் எப்படிக் கெடும் என்பதற்குப் பதில் இல்லை.

வெளியிலேயே மாற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். புது இன்ஜெக்டரின் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதை உங்கள் சென்டரில் முறையாகச் செய்து, ஜாப் கார்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இது உங்கள் வண்டி, வாரன்டிக்குள் சொல்லப்பட்ட குறை.

ஆகவே வண்டியைச் சூடான நிலையிலேயே, என் முன்னிலையில், ரெயில் அழுத்தமும் ரிட்டர்ன் அளவும் எழுத்தில் குறித்துச் சோதிக்க உத்தரவிடுங்கள். பழுதான இன்ஜெக்டரை, 97,310 கிலோமீட்டரில் பதிவான புகாரின் தொடர்ச்சியாகக் கருதி, வாரன்டியில் மாற்றிக் கொடுங்கள். தேவையின்றி மாற்றிய பாகங்களுக்கு வாங்கிய ரூ.27,550ஐத் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய ஸ்டார்ட்டரை என்னிடம் காட்டவே இல்லை. அது எங்கே என்பதற்கும் பதில் வேண்டும்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். சரக்கு வண்டி வணிகத்துக்கானது என்று விலக முடியாது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்து தானே பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் எனக்கு வழக்கு வேண்டாம், வண்டிதான் வேண்டும். ஆடி பிறந்தால் பாலக்காட்டுச் சந்தையில் காய்க்குத் தேவை கூடும். ஓணம் வரை கிடைக்கும் வாடகையில்தான் ஆண்டுத் தவணையின் பாதியைக் கட்டுகிறேன்.

இணைப்பு: இரண்டு ஜாப் கார்டு, பில்கள், மதிப்பீடு, நான்கு பாட்டில்களின் படம், ஸ்கேனர் திரையின் படம்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்