ஆத்துப்பாலத்து அரசங்கன்றுகள்

நெல்லை சுலோச்சன முதலியார் பாலத்தைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கொக்கிரகுளம் கரையில் இறங்கி நின்றேன். கரையிலிருந்து இரண்டாவது கண்ணுக்கு (வளைவுக்கு) மேலே, ஜோடித் தூணை ஒட்டி மூன்று அரசங்கன்றுகள். ஒன்று என் கட்டைவிரல் பருமன். மேலே பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. பாலத்துக்கு இத்தனை கண் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த ஜோடித் தூண்கள் சும்மா வந்தவை அல்ல. பாலத்தை வடிவமைத்த கேப்டன் ஃபேபர் இதற்கு மாதிரியாக வைத்துக்கொண்டது லண்டன் வாட்டர்லூ பாலத்தை. 1840இல் வேலை தொடங்கியது. ஒவ்வொன்றும் 60 அடி அகலத்தில் 11 கண்கள். 1843 நவம்பரில் திறப்பு. செலவு சுமார் அரை லட்சம் ரூபாய். ஊரில் வசூல் செய்யலாம் என்று பேச்சு நடந்தபோது, கலெக்டர் ஆபீஸின் தலைமை அலுவலரான சிரஸ்தார் சுலோச்சன முதலியார் மொத்தத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். (மனைவியின் நகைகளையும் தட்டில் வைத்துக் கொடுத்தார் என்பார்கள். நம்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.) லண்டன்காரர்கள் அவர்கள் பாலத்தை 1930களில் இடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துக் கட்டிய நம் பாலம் இன்னும் பஸ்ஸைச் சுமக்கிறது.

1869 வெள்ளத்தில் சில கண்கள் போயின. 1871இல் திரும்பக் கட்டினார்கள். 2023 டிசம்பரில் ஜங்ஷனே தண்ணீரில் கிடந்தபோது பாலம் அசையவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காலத்து வளைவில் கம்பி கிடையாது. கல்லோ செங்கல்லோ, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் பலம். அந்த இணைப்புக்குள் அரச வேர் போனால் ஆப்பு இறக்கியதுபோலத்தான். போன வருஷமும் யாரோ அரிவாளால் நுனியை வெட்டிவிட்டுப் போனார்கள். இப்போது ஒன்றுக்கு இரண்டாகத் தழைத்திருக்கிறது. வேரோடு சாகடிக்க வேண்டும். அப்புறம் அந்தப் பிளவைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். தயவுசெய்து சிமெண்ட் பூசிவிடாதீர்கள். அது ஈரத்தை வெளியே விடாது. பக்கத்துப் பழைய கட்டு பொரிந்து உதிரும்.

ஐப்பசி மழைக்கு முன் முடித்தால் நல்லது. இடம் பிடிபடாவிட்டால் கீழே துணி துவைக்கிறவர்களைக் கேளுங்கள், கை காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தினமும் இந்தப் பாலத்தைக் கடக்கும் ஒருவன்