நிறுவியதுமே ஓட வேண்டாம்: டெபியன், உபுண்டு பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களுக்கான மென்பொருள்களை நிறுவத் தயாரான பேக்கேஜ்களாக்கிப் பராமரிக்கிறீர்கள்; உங்களில் பலர் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை இது. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: ஒரு பின்னணிச் சேவையை (தரவுத்தளம் போலத் திரைக்குப் பின்னால் ஓடும் நிரலை) நிறுவிய கையோடு அதை ஓடவும் விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாக ஒரு சேவையை நிறுவினால், கோப்புகள் இடத்தில் அமர்ந்ததும் பேக்கேஜோடு வரும் போஸ்ட்இன்ஸ்ட் என்ற ஸ்கிரிப்ட் அதை இயக்கிவிடுகிறது. நிர்வாகி கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பை இன்னும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். எந்த நெட்வொர்க் முகவரியில் இணைப்புகளுக்குக் காத்திருக்க வேண்டும், கடவுச்சொல் என்ன, தரவு எந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும், எதையும் அவர் இன்னும் சொல்லவில்லை. எல்லா முகவரிகளிலும் போர்ட்டை (இணைப்பு வாசலை) திறக்கும் சேவை என்றால், அவர் எடிட்டரைத் திறப்பதற்குள் வெளியாள் உள்ளே வந்துவிடலாம். தரவுத்தளம் என்றால் வேண்டாத இடத்தில் வெற்றுத் தரவுக் கோப்புறையும் உருவாகிவிடும். நிறுத்தி, அழித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. சேவையைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்யும் பாலிசி-ஆர்சி.டி என்ற ஸ்கிரிப்டை வைத்து, அது 101 என்ற எண்ணோடு முடியும்படி செய்தால் சேவை தொடங்காது. ஆனால் பலரும் எழுதுவது எப்போதும் 101 தரும் ஒற்றை வரியைத்தான்; அது எல்லாச் சேவைகளையும் பிடித்துக்கொள்ளும். நீக்க மறந்தால், பாதுகாப்பு அப்டேட் வந்த பிறகும் சேவை ரீஸ்டார்ட் ஆகாது; ஓட்டையுள்ள பழைய நிரலே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்புக்காகச் செய்ததே பாதுகாப்பைக் கெடுப்பது எனக்குப் பெரும் கவலை.

ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸில் எந்தச் சேவை தானாக இயங்கலாம் என்பதைப் பிரீசெட் கோப்புகள் சொல்கின்றன. பட்டியலில் இல்லாதது நிர்வாகி சொல்லும்வரை சும்மா கிடக்கும். ஆர்ச் லினக்ஸிலும் நிர்வாகி சொல்லாமல் சேவை ஓடாது.

புதியவர்கள் திணறுவார்கள் என்பீர்கள். சேவையை இயக்கிவைக்க 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ்' என்ற ஒரே கட்டளை போதும், அதைப் பேக்கேஜோடு வரும் குறிப்புக் கோப்பான ரீட்மீ.டெபியனில் எழுதி வையுங்கள். விதிவிலக்குகளும் வேண்டும்தான். கணினி நேரத்தைச் சரிசெய்யும் சேவை யாரும் எதுவும் சொல்லாமலே தன் வேலையை ஒழுங்காகச் செய்யும், அது ஓடட்டும். நெட்வொர்க்கில் இணைப்புகளுக்குக் காத்துக்கொண்டு, கான்ஃபிக் இல்லாமல் அர்த்தமற்றுக் கிடப்பவற்றைத்தான் சொல்கிறேன்.

பேக்கேஜ் கட்டும்போது சேவைகளை அமைக்கும் டிஹெச்_இன்ஸ்டால்சிஸ்டம்டி என்ற கருவியில் இதற்கென்றே 'நோ-ஸ்டார்ட்' (தொடங்காதே), 'நோ-எனேபிள்' (கணினி துவங்கும்போது தானே ஓடவிடாதே) தேர்வுகள் உண்டு. அடுத்த பதிப்பில் அவற்றை, பேக்கேஜ் கட்டும் விதிகள் உள்ள உங்கள் ரூல்ஸ் கோப்பில் சேருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் அப்டேட்டின்போது சேவை நின்றுவிடாமல் இருக்கிறதா என்பதையும் சோதித்துவிட்டு வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு சர்வர் நிர்வாகி