நீலாரத்துக்கு ஒரு கொட்டை வேண்டும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்து முடித்துவிட்டேன். மிதக்கும் தீவுகள் பிடித்தன, அந்த ஊமைப் படகோட்டி ரொம்பவே பிடித்தான். நீலாரம் பழம்தான் மனதில் ஒட்டவில்லை. நீல நிறம், இருட்டில் ஒளி, ஏழு சுவை, தின்றால் சாவில்லை. எல்லாம் இருக்கிறது, உள்ளே கொட்டை இல்லை. நாயகி அதைப் பிளக்கும் இடத்தை மறுபடி எடுத்துப் பார். வெளிச்சம் வழிகிறது, வாசனை பரவுகிறது, விதை என்று ஒரு சொல் கிடையாது.

மரம் சும்மா பழுக்காது, கண்ணம்மா. விதையைத் தூக்கிக்கொண்டு போக அதற்கு ஒரு வயிறு வேண்டும். அந்த நிறமும் இனிப்பும் அதற்குத்தான். மிளகாயின் காரம் நம் நாக்கை எரிக்கிறது, பறவைக்கு உறைப்பதே இல்லை. விதையைக் கடித்து நொறுக்கும் பல்லை விரட்டிவிட்டு, முழுசாக விழுங்கி எங்கோ போய் எச்சமிடும் அலகை மட்டும் விட்டுவைக்கிறது. உன் தீவில் அந்த மரம் யாருக்காகப் பழுக்கிறது? இருட்டில் ஒளிர்கிறதென்றால் இரவில் பறக்கும் பிராணி ஏதோ இருந்தாக வேண்டும். தீவு விட்டுத் தீவு விதை போவதும் அதனால்தான். அந்தப் பிராணியை நீ இன்னும் எழுதவே இல்லை.

நீலத்தை விட்டுவிடாதே. ஆப்பிரிக்கக் காடுகளில் பொலியா என்றொரு செடி, அதன் காய் பளபளவென்று நீலமாக மின்னும். அதில் நீலச் சாயம் துளிகூட இல்லை. தோலின் செல்சுவரில் உள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான் அந்த நிறம். அதனால் பறித்து உலர்த்திப் பல பத்தாண்டுகள் ஆன காயும் மங்குவதில்லை. தின்னச் சதையும் கிடையாது. வெறும் அழகைக் காட்டியே பறவையை ஏமாற்றுகிறது என்று கருதுகிறார்கள். உன் நீலாரத்துக்கும் இப்படி ஒரு வஞ்சனை கொடுத்துப் பாரேன்.

ஏழு சுவையைக் குறை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்னச் சிவப்புப் பழம் உண்டு. அதற்கென்று பெரிய சுவையில்லை, ஆனால் அதை மென்ற பின் எலுமிச்சையைக் கடித்தால் இனிக்கும். மிராகுலின் என்ற புரதம் நாக்கில் ஒட்டிக்கொண்டு செய்யும் வேலை அது. ஜமைக்காவின் அக்கிப் பழமோ மரத்திலேயே தானாக வாய் பிளக்கும்வரை நஞ்சு. அவசரப்பட்டுப் பறித்துத் தின்று செத்தவர்கள் உண்டு. ஒரே ஒரு குணமும் அதை ஒட்டி ஓர் ஆபத்தும் போதும் உனக்கு.

சாகாவரம் இருக்கட்டும். அதியமானுக்குக் கிடைத்த நெல்லியும் அப்படிப்பட்டதுதானே. அதில் ஒளியும் இல்லை, ஏழு சுவையும் இல்லை. ஏற அரிதான மலைப்பிளவில் இருந்ததைக் கொண்டுவந்து, அதன் பலனை வாய்விட்டுச் சொல்லாமல் அவ்வைக்குக் கொடுத்தான். உன் நாயகி கிடைத்ததும் தானே தின்றுவிடுகிறாள், அதில் எனக்கு மெய்யாகவே வருத்தம். அந்தப் படகோட்டிக்கு ஒரு கீற்றுக்கூடவா கொடுக்க மனசு வரவில்லை அவளுக்கு?

மற்றதெல்லாம் உன் இஷ்டம், கொட்டை மட்டும் கட்டாயம். அது எவ்வளவு கெட்டி, எந்த வயிற்றுக்குள் போகிறது என்று முடிவானதும் அந்தப் பக்கத்தை முதலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா